ஒன்பதாவது வாரத்துக்கு மார்க்

ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசை முடிந்து வீடு திரும்பியதிலிருந்து பவுல்ராஜ் நான்கு முறை தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். நான்கு முறையும் எழுந்துவிட்டார். முதல் முறை மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. இரண்டாம் முறை சிவப்புப் பேனா எழுதவில்லை. மூன்றாம் முறை வாசல் கேட்டை யாரோ தட்டியது போல் இருந்தது. போய்ப் பார்த்தால் மேட்டுப்பட்டித் தெருவில் வெயிலைத் தவிர வேறு ஆள் இல்லை. நான்காம் முறைக்குக் காரணமே கிடையாது. சும்மா எழுந்தார்.

அடுப்படியில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அமலராணி தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“அது இருபத்தி மூணு நிமிசக் கதைங்க. நீங்க உக்காந்து எந்திரிச்ச நேரத்துல மூணு தடவ ஓடி முடிஞ்சிருக்கும்.”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா போட்டுப் பாருங்க. நாலு மணிக்கு மார்க் சொல்லணும்ல? இல்ல, இந்தத் தடவையும் பாக்காமலே மார்க் போடப்போறீங்களா?”

பவுல்ராஜ் சிவப்புப் பேனாவை உதறிப் பார்த்தார். எழுபது வயதிலும் அவர் முதுகு நாற்காலியில் சாயாது. வீட்டில் இருக்கும்போதுகூடத் தேய்த்த வெள்ளைச் சட்டைதான். முப்பது வருடம் தமிழாசிரியர், அதில் கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியர். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனால் அவர் மேசைக்கு முன்னால் உட்காரவே மற்ற ஆசிரியர்கள் பயப்படுவார்கள். ஒருமுறை செபஸ்தியம்மாள் டீச்சர் ஒரு பையனின் கடைசிப் பக்கத்தைத் திருத்தாமல் விட்டுவிட்டாள். எல்லார் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்தி, “கடைசிப் பக்கத்துல என்ன எழுதியிருக்கான்னு பாக்காம போட்ட மார்க், மார்க்கே இல்லம்மா” என்றார். அந்த அம்மா அழுதது மண்டபம் முழுக்கக் கேட்டது. அவர் கவலைப்படவில்லை. மெமோவும் எழுதிக் கொடுத்தார்.

அப்படிப்பட்டவருக்கு இன்று ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரின் ஒரு வாரக் கதையைப் பார்த்து மதிப்பெண் போட முடியவில்லை.

ரவுண்டு ரோட்டில் அறிவுச்செல்வி நடத்தும் டியூசன் சென்டரின் மாடியில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். வாசகர் வட்டம். வழக்கமாகப் புத்தகம்தான் பேசுவார்கள். இந்த வருடம் மாறுதலுக்கு ஒரு தொடரை எடுத்துக்கொண்டார்கள். ‘தணிகாசலம் துப்பறிகிறார்’ என்று தொண்ணூற்று இரண்டில் செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஏழரைக்கு வந்தது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், கையில் குடையோடு ஊர் ஊராகப் போய்த் துப்புத் துலக்குவார். பதின்மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு முழுக்கதை. ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு வேறு. யாரோ ஒரு புண்ணியவான் பழைய கேசட்டுகளைத் தேடிப் பிடித்து யூடியூபில் ஏற்றியிருந்தான்.

அந்தந்த வாரக் கதையை எல்லாரும் பார்த்துவிட்டு வருவார்கள்; மதிப்பெண் போடுவது மட்டும் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு கதை. வீட்டில் பார்த்து, நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, சிவப்பு மையில் எழுதிக் கொண்டுவர வேண்டும். வாசித்த மதிப்பெண்ணை மாற்றக்கூடாது. திருத்தப்படாத பகுதி இருந்தது தெரிந்தால் மட்டும் மாற்றலாம். விதிகளை எழுதியவரே பவுல்ராஜ்தான். முதலிடம் பெறும் கதையை எழுதியவர் உயிரோடு இருந்தால் திண்டுக்கல்லுக்கு வரவழைத்து மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவாகியிருந்தது.

பன்னிரண்டு கதைகள் முடிந்துவிட்டன. மூன்றாவது வாரக் கதை எண்பத்து நாலு வாங்கி முன்னால் நின்றது. ஒன்பதாவது வாரம் மட்டும் பாக்கி. அது வினோலியா டீச்சருக்கு விழுந்த சீட்டு. அவர் தன் மகளின் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார். புதன்கிழமை அறிவுச்செல்வி போன் செய்தாள்.

“சார், அது கோயில் கதை சார். ஒங்க கோயிலு. ஒங்கள விட்டா வேற யாரு சரியா மார்க் போடுவா?”

“வேற யார்கிட்டயாவது…”

“இன்னொன்னு சார். எழுதுனவரு உயிரோட இருக்காரு. பெரம்பூர்ல. நம்பர் புடிச்சிப் பேசிட்டேன். புனைபேரு குடகனாறன். நம்ம குடகனாறுதான் சார்! நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கணும். ஜெயிச்சா கண்டிப்பா வாரேம்மான்னு சொன்னாரு. கொரல்ல அம்புட்டு சந்தோசம்.”

முடியாது என்று சொல்லக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லக்கூடாது என்றுதான் அவர் நாற்பது வருடம் வாயைக் கட்டியிருந்தார். “பாக்குறேன்” என்று போனை வைத்தார்.

குடகனாறன் வேறு யாருமில்லை. அவருடைய உடன்பிறந்த தம்பி பிராங்கிளின்.

அவர்கள் அப்பா சூசைமாணிக்கம் சித்தையன்கோட்டைப் பக்கத்தில் ஒரு சிற்றூரின் கோயில்பிள்ளை. கோயில் சாவி, மணி, மெழுகுதிரி, பூசைத் துணி எல்லாம் அவர் பொறுப்பு. எண்பத்து மூன்றாம் வருடம், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் மாதா சுரூபத்தின் இரட்டைவடச் சங்கிலியைக் காணோம். சாவி வைத்திருந்தவர் அப்பா. சனிக்கிழமை காலையில் போலீஸ் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனது. சாயங்காலம் பங்குச் சாமியார் போய்ச் சொல்லி அழைத்துவந்தார். திங்கட்கிழமை, தவக்காலத்தில் சுரூபத்தை மூடியிருந்த ஊதாத் துணியை உதறி மடிக்கும்போது, நூலில் சிக்கியிருந்த சங்கிலி தரையில் விழுந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் சங்கிலி கிடைத்ததை ஊர் மறந்துவிட்டது, ஸ்டேஷனை மறக்கவில்லை. அப்பா அடுத்த மாதமே சாவியை ஒப்படைத்தார். நான்கு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். பவுல்ராஜ் டவுனிலேயே வீடு கட்டிக்கொண்டார். யார் கேட்டாலும் “அப்பா விவசாயம்” என்பார்.

தொண்ணூற்று இரண்டில், சென்னையில் இருந்த தம்பி கடிதம் போட்டான். ‘செவ்வாய்க்கிழமை ஏழரைக்குத் தவறாமல் பாருங்கள் அண்ணே. நான் எழுதியது.’ பவுல்ராஜ் பெருமையாகத் தெருவையே வீட்டுக்குள் கூட்டி உட்கார வைத்தார். திரையில் ஒரு கோயில் வந்தது. ஊதாத் துணி வந்தது. சாவிக் கொத்தோடு ஒரு கோயில்பிள்ளை வந்தார். போலீஸ்காரன் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

பவுல்ராஜ் எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்தார். “கரண்டு சரியில்ல, எல்லாரும் போங்க” என்றார். மறுநாளே தம்பிக்கு எழுதினார். ‘அப்பாவை இரண்டாம் முறையாக ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கிறாய். இனி என் வாசலை மிதிக்காதே.’

முப்பத்திரண்டு வருடமாயிற்று. அவன் மிதிக்கவில்லை.

இப்போது அவர் எண்பத்து நாலுக்கு மேலே போட்டால் தம்பி திண்டுக்கல் மேடையில் நிற்பான். மைக்கைக் கொடுத்தால், இது எங்க அப்பா கதை என்பான். அதோடு இந்த ஊரில் பவுல்ராஜ் சார் யார் என்பது மாறிவிடும். கீழே போட்டால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். நியாயமாகத்தான் போடுவேன் என்று புதன்கிழமையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். நியாயமாகவே குறைவாக வந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஜெபமாக இருந்தது.

ஐந்தாம் முறை உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து மடியில் தாளை வைத்துக்கொண்டு கதையை ஓடவிட்டார்.

முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு தப்புக் கிடைத்தது. கோயில்பிள்ளை வேடக்காரன் பீடத்துக்கு முன்னால் முழங்கால் மடக்காமல் கடந்து போனான். மெழுகுதிரியை வாயால் ஊதி அணைத்தான். குறித்துக்கொண்டார். மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. பத்தாம் நிமிடத்தில் போலீஸ் வந்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார். எழவில்லை. அமலராணி கையைத் துடைத்தபடி கதவோரம் வந்து நின்றதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

பதினைந்தாம் நிமிடம். பண்ணையாரின் கணக்கப்பிள்ளை தணிகாசலத்திடம் சாட்சி சொன்னான்: “பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐயா. கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. அந்த நேரத்தில் கோயில்பிள்ளை மாதாவின் கழுத்தில் கை வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.”

பவுல்ராஜ் துள்ளி எழுந்தார்.

“மணியா? பெரிய வெள்ளிக்கிழமை மணியா?”

“என்னங்க?”

“வியாழக்கிழமப் பூசையில ‘உன்னதங்களிலே’ பாடுறப்ப அடிக்கிற மணி, அதுக்கப்புறம் சனிக்கிழம ராத்திரி பாஸ்கு பூசையில அதே பாட்டுக்குத்தான் அடிக்கும். நடுவுல மரக்கட்டையத் தட்டித்தான் கூப்புடுவாங்க. சின்னப்புள்ளைக்கும் தெரியும். கோயில்பிள்ளை மகன், அதுலயே தப்பு விட்டிருக்கான்!”

அணைத்துவிட்டார். நின்றபடியே தாளில் எழுதினார்: முப்பத்தைந்து. கையெழுத்துப் போட்டார். பேனா மூடியைத் தப்பாகச் செருகி, மறுபடி செருகினார். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

“இன்னும் எட்டு நிமிசம் இருக்கே” என்றாள் அமலராணி.

“அஸ்திவாரமே தப்பு. மேல என்ன கட்டினா என்ன?”

“மணிக்கயிறப் புடிச்சி வளந்த புள்ளைக்கு அது தெரியாமயா போயிரும்?”

“தெரியலையே! எழுதியிருக்கானே!”

“சரி. ஒங்களுக்கு எப்பவும் பேப்பர் கட்டுதான் பெருசு.” அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மத்தியானச் சாப்பாட்டில் முருங்கைக்காய் வெஞ்சனத்தில் உப்பு இல்லை. அவர் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பதில் வரும்.

நாலு மணிக் கூட்டத்துக்கு இரண்டரைக்கே கிளம்பிவிட்டார். டவுன் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தார். சட்டைப் பையில் இருந்த தாளை இரண்டு முறை எடுத்துப் பார்த்தார். முப்பத்தைந்து சரியாகத்தான் இருந்தது. ஒரு டீக்கடையில் டீ சொல்லிவிட்டு, அது வருவதற்குள் காசை வைத்துவிட்டு நடந்தார். நியாயமாக மதிப்பெண் போட்டவனுக்கு இந்தப் படபடப்பு எதற்கு என்று அவருக்கே விளங்கவில்லை.

மாடியில் ஒன்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் பேகம்பூரில் செல்போன் கடை வைத்திருக்கும் முகமது பாரூக். பக்கத்தில் தாடிக்கொம்புத் தென்னந்தோப்புக்காரர் கண்ணுசாமி. அவர் வந்தால் ஒரு பை நிறைய இளநீரும் வரும். சுவரில் டியூசன் பிள்ளைகளுக்குப் பாடம் போட்டுக் காட்டும் பெரிய டிவி.

“வாங்க ஹெச்செம் சார்” என்றார் கண்ணுசாமி. “இன்னைக்கு ஒங்க தீர்ப்புக்குத்தான் நாங்க காத்துக் கெடக்கோம். பாரூக் பாய் மூணாவது வாரம் ஜெயிச்சிருச்சுன்னு பிரியாணிக்கே சொல்லிட்டாரு.”

“ஏன்ணே, நீங்க வேற. சார் என்ன சொன்னாலும் சரிதான்.”

பவுல்ராஜ் உட்காரவில்லை. நின்றபடியே வாசித்தார். முழங்கால் மடக்காதது, மெழுகுதிரியை ஊதியது எல்லாம் சொன்னார். பிறகு குரலை உயர்த்தினார்.

“எல்லாத்துக்கும் மேல ஒரு தப்பு. பெரிய வெள்ளிக்கிழமை கோயில் மணி அடிச்சதா ஒரு சாட்சி சொல்றான். அன்னைக்கு எந்தக் கோயில்லயும் மணி அடிக்காது. வழக்கம் தெரியாதவன் எழுதின கதை. அதனால முப்பத்தஞ்சு.”

கைதட்டல் வரும் என்று நின்றார். வரவில்லை. பாரூக் கண்ணுசாமியைப் பார்த்தார். கண்ணுசாமி இளநீர்ப் பையைப் பார்த்தார். அறிவுச்செல்வி பேனா மூடியைக் கடித்தாள்.

“சார், மார்க்கப் பத்திப் பேசக்கூடாதுன்னு ரூல் இருக்கு” என்று பாரூக் மெதுவாக ஆரம்பித்தார். “ஒரு சந்தேகம் மட்டும். கடைசி வரைக்கும் பாத்தீங்களா சார்?”

“ஏன்?”

பாரூக் தயங்கினார். கண்ணுசாமிக்குப் பொறுக்கவில்லை.

“அட, அந்த மணிதானய்யா கதையே! மணி அடிக்கவே இல்ல, நீ எப்புடிடா கேட்டன்னுதான் அந்தக் கொடைக்காரரு கணக்கப்பிள்ளையப் புடிக்கிறாரு! நான் கும்புடுறது சௌந்தரராசப் பெருமாள. எனக்கே வெளங்கிருச்சு. ஒங்களுக்கு வெளங்கலையா?”

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். பவுல்ராஜுக்குக் காது மடல் சுட்டது. செபஸ்தியம்மாள் டீச்சர் எழுந்து நின்ற அந்த மண்டபம் ஞாபகம் வந்தது. இப்போது நின்றுகொண்டிருப்பது அவர்.

தெரியாதவனாக இருந்தால் கடைசி வரை பார்த்திருப்பான். அவருக்கு மட்டும்தான், தெரிந்ததால், பாதியில் அணைக்கத் தோன்றியது. அதுவும் இரண்டாம் தடவை.

“எட்டு நிமிசம் பாக்கி இருக்கு” என்றார். “திருத்தாத பக்கம் இருந்தா மார்க்க மாத்தலாம். ரூல்ல இருக்கு. போடும்மா.”

“இப்பவா சார்?”

“இப்பவே. எல்லார் முன்னாலயும்.”

அறிவுச்செல்வி பதினைந்தாம் நிமிடத்திலிருந்து ஓடவிட்டாள்.

தணிகாசலம் குடையை ஊன்றிக்கொண்டு மணிக்கூண்டுக்குள் நுழைந்தார். அண்ணாந்து பார்த்தார். மணிக்கயிறு கீழே தொங்கவில்லை. சுருட்டி, ஆள் உயரத்துக்கும் மேலே ஓர் ஆணியில் மாட்டி, அதன்மேல் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சுக்கு நடுவில் காய்ந்த வேப்பிலைக் கொத்து ஒன்று செருகியிருந்தது. யாராவது கயிற்றை அவிழ்த்தால் இலை உதிரும், தெரிந்துவிடும்.

பவுல்ராஜ் மூச்சை இழுத்தார். எந்த ஊர்க் கோயிலிலும் வேப்பிலை செருக மாட்டார்கள். அது அப்பாவின் வேலை. பிள்ளைகள் விளையாட்டாக மணியை இழுத்துவிடக் கூடாது என்று, பெரிய வியாழன் சாயங்காலம் ஸ்டூலில் ஏறி நின்று அப்பா முடிச்சுப் போடுவார். பிராங்கிளின் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வான். வேப்பிலை ஒடித்துக் கொடுப்பது பவுல்ராஜ்.

திரையில் இலை உதிரவில்லை. தணிகாசலம் கணக்கப்பிள்ளையைக் கூட்டிவந்து கயிற்றைக் காட்டினார். அவன் முகம் செத்தது. கோயில்பிள்ளை குற்றமற்றவர் என்று ஊர் நடுவில் நின்று தணிகாசலம் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை ஊருக்கு, ஒரு தடவை அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்து. அசல் ஊரில் அதை ஒருவரும் சொல்லவில்லை. சங்கிலி கிடைத்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வராந்தா வந்தது. தேய்த்த வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். கோயில்பிள்ளையின் மூத்த மகன், வாத்தியார். வெயில் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு நகர்ந்தது. அவன் நகரவில்லை. ஏட்டு ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார்.

“உக்காருப்பா. எம்புட்டு நேரம் நிப்ப?”

“எங்கப்பா வெளிய வர்ற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்.”

அப்பா வெளியே வந்தார். மகன் குனிந்து அவர் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தான். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

பவுல்ராஜ் எழுந்தார். அவர் கிளம்புகிறார் என்று நினைத்து அறிவுச்செல்வி வழிவிட்டாள். அவர் போகவில்லை. ஜன்னல் வரை நடந்தார். திரும்பினார். மறுபடி ஜன்னலுக்குப் போனார். கீழே ரவுண்டு ரோட்டில் பழனி பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது.

எண்பத்து மூன்றில், அந்தச் சனிக்கிழமை பிராங்கிளின் பதினெட்டுக் கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து அவருடைய வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “அண்ணே, அப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டாங்கண்ணே. வாங்க.” பவுல்ராஜுக்கு வேலை கிடைத்து இரண்டாவது வருடம். பள்ளிக்கூடத் தாளாளரும் ஒரு சாமியார். திருடன் மகன் என்று பெயர் வந்தால்? “முழுப்பரீட்ச பேப்பர் கட்டு இருக்குடா. திங்கக்கிழம ஒப்படைக்கணும். நீ போ” என்றார். கதவைச் சாத்தினார். உள்ளே அமலராணி நின்றுகொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் வராந்தாவில் சாயங்காலம் வரை நின்றவன் பிராங்கிளின்.

அதை எழுதியவன் தன் இடத்தில் அண்ணனை நிறுத்தியிருக்கிறான். தேய்த்த சட்டையோடு, விறைத்த முதுகோடு. நாடு முழுக்கப் பார்க்கிற பெட்டியில் அண்ணனின் மானத்தைக் காப்பாற்றி அனுப்பி, தவறாமல் பாருங்கள் என்று கடிதமும் போட்டிருக்கிறான்.

“சார், தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார் பாரூக்.

“பேனா கொடுங்க.”

அவருடைய பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் பாரூக் கொடுத்தார். பவுல்ராஜ் முப்பத்தைந்தை ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் புதிதாக எழுதி, சுருக்கொப்பம் வைத்தார். எல்லாரையும் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

“தொண்ணூத்தி மூணு.”

கண்ணுசாமி தொடையில் தட்டினார். “போச்சு பாய், ஒங்க பிரியாணி!”

“போகட்டும்ணே. நல்ல கதைக்குப் போகுது” என்ற பாரூக், விடவில்லை. “ஏழு எதுக்கு சார் கொறச்சீங்க? முழங்காலு, மெழுகுதிரி ரெண்டுக்குமா?”

“அது ரெண்டு மார்க்.” பவுல்ராஜ் தாளை மடித்தார். மடித்ததைப் பிரித்தார். இத்தோடு நிறுத்தினாலும் போதும். யாரும் மேலே கேட்கப்போவதில்லை. “அஞ்சு மார்க் கடைசிக் காட்சிக்கு. அது பொய். அந்த மூத்த மகன் ஸ்டேசனுக்குப் போகல.”

“கதைதான சார்?” என்றாள் அறிவுச்செல்வி.

“கதை இல்லம்மா. அந்தக் கோயில்பிள்ளை எங்கப்பா. சூசைமாணிக்கம். ஒரு குத்தமும் செய்யாதவரு. மூத்தவன் நான். வந்து கூப்புட்டும் நான் போகல. வீட்டுல உக்காந்து பேப்பர் திருத்திக்கிட்டிருந்தேன். சாயங்காலம் வரைக்கும் நின்னது என் தம்பி. அவன்தான் குடகனாறன்.”

அப்பாவின் பெயரை அவர் திண்டுக்கல்லில் இவ்வளவு சத்தமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு என்ன ஆகும் என்று நாற்பது வருடம் பயந்தாரோ, அது ஒன்றும் ஆகவில்லை. கண்ணுசாமி பையிலிருந்து ஓர் இளநீரை எடுத்துச் சீவினார். “குடிங்க சார். மொதல்ல உக்காருங்க” என்றார். அவ்வளவுதான்.

பவுல்ராஜ் உட்காரவில்லை. நின்றே குடித்தார்.

“சார்…” என்று அறிவுச்செல்வி இழுத்தாள். “அவரு வந்தா தங்குறதுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ்ல ரூம் சொல்லி வச்சிருக்கேன்…”

“வேணாம்னு சொல்லிரு. அவனுக்கு இந்த ஊர்ல வீடு இருக்கு. நம்பர மட்டும் கொடு.”

மதிப்பெண் தாளின் அடியில் சிவப்பு மையிலேயே நம்பரைக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அமலராணி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவர் தாளை நீட்டினார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். அடித்த முப்பத்தைந்தையும் பக்கத்தில் இருந்த தொண்ணூற்று மூன்றையும் பார்த்தாள். கீழே இருந்த நம்பரை அவள் படிக்கவே இல்லை. இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து ஒரே அழுத்தில் கூப்பிட்டாள்.

“ஒன்கிட்ட எப்புடி நம்பர்?”

“பதினஞ்சு வருசமா இருக்கு. பாஸ்குவுக்கும் கிறிஸ்மஸுக்கும் பேசுறதுதான். நீங்க பாக்காதது நெறைய இருக்கு.” போனை அவர் கையில் திணித்தாள்.

மறுமுனையில் எடுத்த குரல் அப்பாவின் குரலாகவே இருந்தது.

“சொல்லுங்க மதினி. சாப்டீங்களா?”

பவுல்ராஜ் வாசலுக்கும் கேட்டுக்கும் இடையே ஈரத் தரையில் நடந்தார். திரும்பி நடந்தார். மதினி, மதினி என்று குரல் இரண்டு முறை கேட்டது.

“ஏலே” என்றார். “ஒன்பதாவது வாரத்த முழுசாப் பாத்துட்டேன்.”

தம்பி மூச்சுவிடுவது கேட்டது.

“ஏழு மார்க் கொறச்சிருக்கேன். ஏன்னு நேர்ல வந்து கேட்டுக்க.”

போனை அமலராணியிடம் கொடுத்துவிட்டு, வாசல் கேட்டின் கொண்டியைத் தூக்கி, இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தார். சென்னையிலிருந்து அவன் வர இன்னும் பல நாள் ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.